நிற்கிற தக்பீரும் குனிகிற தக்பீரும்

நோன்பு இருபதைத் தாண்டிவிட்டால் தையல்காரருக்கு இரண்டு கை போதாது. கடையில் கால் வைக்க இடம் இருக்காது. வெட்டிய துணி ஒரு பக்கம், வெட்டாத துணி ஒரு பக்கம், "எப்போ வரட்டும், எப்போ வரட்டும்" என்று வாசலை மறித்து நிற்கிறவர்கள் ஒரு பக்கம். அப்படிப்பட்ட ஒரு மத்தியானத்தில்தான் பள்ளிவாசல் செயலாளர் வந்தார். தன் ஜிப்பா தயாரா என்று கேட்பார் என்று பார்த்தால், கேட்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, மேலே சுற்றிய விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"காத்தே வரலையே."

"நல்லாத்தான் வருது. நீங்க வந்த விஷயத்தைச் சொல்லுங்க."

"பெருநாள் தொழுகைக்கு எடுத்துச் சொல்றதை இந்த வருஷம் உங்க மச்சான்கிட்ட குடுத்துப் பாக்கலாம்னு கமிட்டியில ஒரு பேச்சு."

தையல் மிஷின் நின்றது.

"பேச்சா, முடிவா?"

"முடிவாகிப்போன பேச்சு," என்றார் செயலாளர். அதைச் சொல்லிவிட்ட நிம்மதியில் எழுந்து, ஜிப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமலேயே போய்விட்டார்.

எடுத்துச் சொல்வது என்றால் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஊரின் பெருநாள் தொழுகை பள்ளிவாசலுக்குள் அடங்காது. திடலில்தான் நடக்கும். திடலுக்குப் பக்கத்திலேயே பெரிய ஆஸ்பத்திரி. அதனால் ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடையாது. இமாமோ வயதானவர். அவர் குரல் நாலாவது வரிசைக்கு வருவதற்குள் களைத்துப் போய்விடும். ஆகவே நடு வரிசையில் ஒருவர் நின்று, இமாம் "அல்லாஹு அக்பர்" என்றதும் அதையே உரக்க எடுத்துச் சொல்வார். பின் வரிசைகள் அந்தக் குரலைக் கேட்டுத்தான் குனியும், நிமிரும். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அந்தக் குரல் தையல்காரருடையது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மற்ற நாள் தொழுகையில் இமாம் ஓதி முடித்து "அல்லாஹு அக்பர்" என்றால், குனிய வேண்டியதுதான். பெருநாள் தொழுகையில் அப்படி இல்லை. தொழுகையின் இரண்டாவது சுற்றில், அதாவது இரண்டாவது ரக்அத்தில், ஓதி முடித்ததும் அதிகப்படியாக மூன்று தக்பீர், மூன்று "அல்லாஹு அக்பர்", உண்டு. மூன்றுக்கும் நின்றபடியே கையை உயர்த்தி இறக்க வேண்டும். நாலாவதுக்குத்தான் குனிவது. வருஷத்துக்கு இரண்டு முறை மட்டும் வருகிற தொழுகை என்பதால், மூன்றில் முதல் தக்பீர் காதில் விழுந்ததுமே பழக்க தோஷத்தில் யாராவது குனிந்துவிடுவார்கள். குனிந்தவரைப் பார்த்துப் பக்கத்து ஆள். அவரைப் பார்த்து ஒரு வரிசை.

இதற்குத் தையல்காரர் தானாக ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். நிற்க வேண்டிய தக்பீரைக் கட்டையாகச் சொல்வார், நூலை வெட்டுகிற மாதிரி. குனிய வேண்டிய தக்பீரை நீட்டி இழுப்பார். கட்டை என்றால் நில், நீட்டினால் குனி. இதை அவர் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனாலும் ஊர் முதுகுக்கே இது பழகிவிட்டது என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. தன் காலத்தில் திடலில் ஒரு வரிசையும் தப்பாகக் குனிந்ததில்லை என்பதை ஒவ்வொரு பெருநாளும் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்வார். அவளும் ஒவ்வொரு தடவையும் "மாஷா அல்லாஹ்" என்பாள். போகப் போக அதன் நீளம் குறைந்துகொண்டே வந்தது.

மச்சான் என்று செயலாளர் சொன்னது தையல்காரரின் தங்கை புருஷனை. காய்கறி மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவர். இந்த ஊர் மார்க்கெட்டில் இடம் கிடைத்து, குடும்பத்தோடு வந்து ஐந்தாறு மாதம்தான் ஆகிறது. லாரி உறுமல், தராசுச் சத்தம், நூறு வியாபாரிகளின் கூச்சல், எல்லாவற்றுக்கும் மேலே மைக் இல்லாமல் எழும்புகிற குரல் அவருக்கு. நோன்பின் தொடக்கத்தில் ஒரு நாள், பாங்கு சொல்பவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஏலக்காரரை எழுப்பி மாலைப் பாங்கு சொல்லச் சொன்னார்கள். நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்தவர்கள் வாயில் போட மறந்து உட்கார்ந்திருந்தார்கள்.

தையல்காரரும் மறந்துதான் உட்கார்ந்திருந்தார். அதைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை.

*

அன்று நோன்பு திறந்த பிறகு மனைவியிடம் சொன்னார். அவள் பித்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பதற்காக விளக்கடியில் ஜிப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவருக்கும் ஒரு தடவை கிடைக்கட்டுமே. அன்னியமா? உங்க தங்கச்சி வீட்டுக்காரர்தானே."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லலை. ஆனா கஞ்சியில உப்பில்லைன்னு ரெண்டு தடவை சொல்லிட்டீங்க. உப்பு இருந்துச்சு."

மறுநாளே தங்கை வந்தாள். கையில் வெள்ளைத் துணி, பின்னால் புருஷன்.

"அண்ணே, திடலுக்கு இவருக்கு நீங்கதான் தைக்கணும். வேற யாரு தைச்சாலும் நான் போட்டுக்க விடமாட்டேன்."

"நான் என்னமோ மாப்பிள்ளையாகப் போற மாதிரி பேசுறா," என்றார் ஏலக்காரர். "மச்சான், நேரமில்லைன்னா விட்டுருங்க. பழசே கிடக்கு."

"நேரமா? உங்களுக்கு இல்லாத நேரமா?" என்றார் தையல்காரர். கழுத்தில் எப்போதும் தொங்குகிற டேப்பை எடுத்தார். அந்த டேப்பினால்தான் ஊரில் அவருக்கு டேப்பு என்றே பெயர். தோள் அளந்தார், மார்பு அளந்தார், கழுத்து அளந்தார். கழுத்து ஏறி இறங்கியது. அளந்துகொண்டிருக்கும்போதே ஏலக்காரர் ஏதோ பேசினார். டேப்புக்குக் கீழே அந்தக் குரல் அதிர்வது தையல்காரரின் விரலுக்குத் தெரிந்தது. தன் கழுத்தில் இப்படி ஒரு அதிர்வு உண்டா என்று அவர்கள் போனபின் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அல்லாஹு அக்பர்" என்று மெல்லச் சொல்லியும் பார்த்தார். இருந்தது. ஆனால் ஏதோ வாடகைக்கு இருப்பது மாதிரி இருந்தது.

பட்டைக் காலர் வைத்த ஜிப்பாவில் கழுத்து அளவுக்கு மேல் ஒரு விரல் இடம் விடுவது தொழில் வழக்கம். இல்லாவிட்டால் பித்தானைப் போட்டதும் பிடிக்கும். அந்த ஒரு விரலைத் தையல்காரர் விடவில்லை. விடக்கூடாது என்று முடிவு எடுத்ததாகவும் சொல்ல முடியாது. கத்தரி போய்க்கொண்டே இருந்தது, அந்த இடத்தில் கொஞ்சம் உள்ளே போனது, அவர் அதைத் தடுக்கவில்லை. அவ்வளவுதான்.

காஜா எடுத்து முடித்த மனைவி, பித்தானைப் போட்டு, காலருக்குள் விரலை விட்டாள். விரல் போகவில்லை.

"என்னங்க, இவருக்கு என்ன கோழிக் கழுத்தா?"

"அளவு அப்படித்தான்."

"ஏலம் விடுறவர் கழுத்து எனக்குத் தெரியாதா? நாலு ஊருக்குக் கேக்குற மாதிரி கத்துறார். இதைப் போட்டுக்கிட்டு 'அல்லாஹு' வரைக்கும்தான் வருவார். 'அக்பர்' வீட்டுக்கு வந்துதான் வரும்."

அவர் மிஷினுக்கு எண்ணெய் விடுவதுபோல் குனிந்துகொண்டார்.

மனைவி ஜிப்பாவை அவர் மடியில் வைத்தாள். "பிரிச்சுத் தையுங்க. நோன்பு வச்சுக்கிட்டு இந்த வேலையெல்லாம் வேண்டாம். காஜாவை நான் திரும்ப எடுக்கிறேன். என் கையெல்லாம் ஊசிக்குத்து, அதுல இதுவும் ஒண்ணு."

பிரித்தார். துண்டுத் துணியில் புதிதாகப் பட்டை வெட்டி, விதிப்படி ஒரு விரல் விட்டு, அரை விரல் கூடவும் விட்டு, தைத்தார். தைத்து முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. லேசாகிவிட்ட மனசுதான் அடுத்த தப்புக்கு இடம் கொடுத்தது. கழுத்தில் விட்டுக்கொடுத்தாயிற்று, இனி வேறு எதையும் விட்டுக்கொடுக்க வேண்டிய கடமை நமக்கு இல்லை என்று அது கணக்குப் போட்டுக்கொண்டது.

*

ஜிப்பாவை வாங்க ஏலக்காரர் தனியாகத்தான் வந்தார். போட்டுப் பார்த்தார். கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"போட்டிருக்கிறதே தெரியலை மச்சான். உங்க கையை என்னன்னு சொல்றது!"

"கையைப் பத்தி எல்லாரும்தான் சொல்றாங்க," என்றார் தையல்காரர். வாயைப் பற்றி யாரும் சொல்வதில்லை என்பது அவர் சொல்லாமல் விட்ட மிச்சம்.

ஏலக்காரர் முக்காலியில் உட்கார்ந்தார். "மச்சான், ஒண்ணு கேக்கணும். செயலாளர் கேட்டப்போ நான் முடியாதுன்னுதான் சொன்னேன். அது உங்க இடம். அவர் விடலை. எனக்குத் திடல் புதுசு. ஏதாவது தெரிஞ்சு வச்சுக்கணுமா? ஏதாவது சூட்சுமம் இருக்கா?"

கடையில் வேறு யாரும் இல்லை. கட்டை என்றால் நில், நீட்டினால் குனி. சொல்ல ஒரு மூச்சு போதும். தையல்காரர் ஊசியில் நூல் கோத்தார். முதல் தடவையிலேயே கோத்துவிட்டது. அதனால் பதில் சொல்லாமல் இருக்கச் சாக்கு இல்லாமல் போனது.

"சூட்சுமமா? சத்தமாச் சொன்னாப் போதும். அதுதான் உங்ககிட்ட வேணுங்கிற அளவு இருக்கே."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஒரு தரம் ரெண்டு தரம்னு ஆரம்பிச்சு, திடலை ஏலம் விட்ராதீங்க."

ஏலக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அதுதான் மச்சான் எனக்கு வசதி! மூணு தரம் முடிஞ்சாத்தானே சரக்கு கைமாறும். மூணு நின்னுக்கிட்டு, நாலாவதுக்குக் குனிவு. என் வாய் எண்ணிக்கை தப்பாது."

எண்ணிக்கை தப்பாது. ஆனால் அந்த வாய்க்கு நீட்டுவது மட்டும்தான் தெரியும். மூன்று தரத்தையும் மார்க்கெட்டின் கடைசி மூட்டைவரை கேட்கும்படி இழுக்கும். முதல் தக்பீரை இழுத்ததும் தன்னுடைய பத்துப் பன்னிரண்டு வருஷத்து வரிசைகள் எல்லாம் குனியும். திடலே கலையும். அப்போது ஊருக்குத் தெரியும், எடுத்துச் சொல்வது வெறும் தொண்டை வேலை இல்லை என்று. இது ஒன்றையும் அவர் விரும்பவில்லை, நடக்கப்போவதை மனசுக்குள் பார்த்தார், அவ்வளவுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். ஆனால் பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்த்தார். இஸ்திரி போடும்போது பார்த்தார், படுத்துக்கொண்டு பார்த்தார். ஒவ்வொரு தடவையும் இன்னும் இரண்டு வரிசை கூடுதலாகக் குனிந்தது.

மறுநாள் மாலைத் தொழுகை முடிந்து எல்லாரும் போன பிறகு, இமாமிடம் போய் உட்கார்ந்தார்.

"ஹஜ்ரத், ஒரு வாடிக்கையாளர் கேக்கச் சொன்னார். நோன்பு வச்சுக்கிட்டு ஒருத்தர் மேல பொறாமைப்பட்டா நோன்பு முறியுமா?"

"முறியாது."

தையல்காரர் எழப்போனார்.

"உக்காருங்க. சாப்பிட்டா முறியும், குடிச்சா முறியும். பொறாமை வயித்துக்குள்ள போறதில்லை, அதனால நோன்பு நிக்கும். ஆனா அந்த ஒரு மாசத்துக்குக் கூலின்னு பட்டினி மட்டும் கைக்கு வந்தா அவர் வருத்தப்படக்கூடாதுன்னு உங்க வாடிக்கையாளர்கிட்ட சொல்லுங்க."

"சொல்றேன்."

"அவர் என்ன அளவு?"

"அளவா?"

"சட்டை அளவு. உங்க அளவா இருக்குமோன்னு பாத்தேன்," என்றார் இமாம். தஸ்பீஹ் மணியை மறுபடி உருட்டத் தொடங்கினார்.

*

இருபத்தொன்பதாம் நோன்பு அன்று மாலையே பிறை தெரிந்துவிட்டது. ஊர் ஒரே நொடியில் அவிழ்த்துவிட்ட மாதிரி ஆனது. பள்ளிவாசலில் தக்பீர் முழங்க ஆரம்பித்தது. அதிலும் ஏலக்காரர் குரல் தனியாகத் தெரிந்தது. தையல்காரர் கடைசி நாலு ஜிப்பாவைக் கொடுத்து அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தபோது, மனைவி கூடத்தில் தானியத்தை அளந்துகொண்டிருந்தாள். வீட்டில் எத்தனை தலையோ அத்தனை பங்கு. பெருநாள் அன்று ஊரில் ஒருவரும் கையேந்தி வெளியே வரக்கூடாது என்பதற்காகக் கொடுக்கிற தர்மம் அது. தொழுகைக்குப் போகும் முன் உரியவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பிந்திவிட்டால் அது மற்ற நாள் தர்மம் மாதிரிதான்.

"நோன்புல நாம விட்ட ஓட்டை உடைசலை இதுதான் அடைக்கும்னு சொல்வாங்க," என்றாள் அவள். "உங்க பங்குல மட்டும் இன்னும் ரெண்டு கை போடவா?"

"ஏன்?"

"கேட்டேன், அவ்வளவுதான்."

"போடு," என்றார் அவர். அவளே இரண்டு கை போட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பையைத் தூக்கிக்கொண்டு, கொடுக்க வேண்டிய இரண்டு வீட்டுக்கும் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

விடிந்ததும் குளித்தார். ஊருக்கெல்லாம் புதுசு தைத்தவருக்குப் புதுசு தைக்க நேரமில்லை. சலவை செய்து வைத்த போன வருஷத்து ஜிப்பாவைப் போட்டுக்கொண்டார், அத்தர் தடவினார். இத்தனை நாள் பகலில் சாப்பிடாமல் இருப்பது கடமை. இன்றைக்குச் சாப்பிடாமல் இருப்பது கூடாது. அதற்கு அடையாளமாக, தொழப் புறப்படும் முன் பேரீச்சம்பழம் சாப்பிட வேண்டும், ஒற்றைப்படையில். ஐந்து சாப்பிட்டார். மெல்ல தக்பீர் சொன்னபடி பெரிய தெரு வழியாகத் திடலுக்கு நடந்தார். தெரு முழுக்க அவர் தைத்த துணிகள் நடந்து போயின. வேறு ஒரு வருஷமாக இருந்தால் அதைப் பார்த்து மகிழ்ந்திருப்பார்.

திடலில் பாய் விரித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். பின்னால் திரை மறைவில் பெண்கள். நடு வரிசையில் ஏலக்காரர் வெள்ளை வெளேரென்று நின்றார். தையல்காரரைப் பார்த்ததும் கையை உயர்த்தினார். தையல்காரரும் உயர்த்தினார். முன்னால் இடம் இருந்தும் போகவில்லை. ஏலக்காரருக்கு மூன்று வரிசை பின்னால், சைக்கிள் கடைக்காரருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். நடக்கப்போவதை அங்கிருந்துதான் நன்றாகக் கேட்க முடியும்.

"என்ன டேப்பு, இங்க வந்து நிக்கிறே?" என்றார் சைக்கிள் கடைக்காரர். "உனக்கு ஓய்வு குடுத்துட்டாங்களா?"

"நானாத்தான் குடுத்தேன்."

"நல்லதாப் போச்சு. நீ பக்கத்துல இருந்தா எனக்கும் பயமில்லை. எனக்கு இந்தத் தொழுகையில எப்பவும் குழப்பம்தான்."

செயலாளர் எழுந்து நின்று கையைத் தட்டினார். "ரெண்டாவது ரக்அத்துல ஓதி முடிச்ச உடனே குனிஞ்சிராதீங்க! மூணு தக்பீர் நின்னபடி! நாலாவதுக்குத்தான் குனியணும்!" போன வருஷம் வரை இந்த அறிவிப்பும் தையல்காரருடையதாகத்தான் இருந்தது.

தொழுகை தொடங்கியது. ஏலக்காரரின் முதல் "அல்லாஹு அக்பர்" திடலின் மேல் ஒரு பந்தல் மாதிரி விரிந்தது. கடைசி வரிசைக்குக் கேட்டதா என்ற கேள்வியே இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும், ஆனால் ஒருவரும் புகார் சொல்லியிருக்க மாட்டார்கள். நிற்கிற தக்பீர், குனிகிற தக்பீர், எல்லாம் ஒரே நீளம். எல்லாம் ஒரே அழகு. முதல் ரக்அத்தில் நிற்கிற தக்பீரெல்லாம் ஓதுவதற்கு முன்பே வந்துவிடும், குனிய யாருக்கும் தோன்றாது; அதனால் அது ஒரு பிசகும் இல்லாமல் முடிந்தது. முடியட்டும், என்று நினைத்தார் தையல்காரர். இரண்டாவதில்தான் மாட்டுவான்.

இறைவனுக்கு முன்னால் கை கட்டி நிற்கும்போது இப்படி நினைக்கிறோமே என்று ஒரு கணம் உறுத்தியது. அந்தக் கணமும் போய்விட்டது. இமாம் ஓதிக்கொண்டிருந்தார், காற்று கொண்டு வந்த அளவுக்குக் கேட்டது. ஓதல் நின்றது. தையல்காரரின் மூச்சும் நின்றது.

"அல்லா...ஹு அக்...பர்!"

நீட்டிவிட்டான்! நீட்டியேவிட்டான். தன் வரிசைகள் எல்லாம் இப்போது குனியும். நூறு ஜிப்பா ஒன்றாக மடிகிற சரசரப்பு வரும். அதற்காகத் தையல்காரர் காதைத் தீட்டிக்கொண்டார். சரசரப்பு வந்தது. மிக அருகில் வந்தது. அது அவருடைய சொந்த ஜிப்பாவின் சரசரப்பு. கை முழங்காலைப் பிடித்திருந்தது, முதுகு படுத்திருந்தது, கண் பாயின் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நீட்டினால் குனி. ஊர் முதுகில் ஒருவருக்கும் பழகாத பாடம் ஒரே ஒரு முதுகுக்குத்தான் பழகியிருந்தது.

பக்கத்தில் சைக்கிள் கடைக்காரர் குனிந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒருவர், இன்னொருவர். பிறகு பின் வரிசைகள். டேப்பு குனிந்தால் குனியலாம் என்று நம்புகிறவர்கள் பின்னால் நிறையப் பேர் இருந்தார்கள். இத்தனை பேர் தன்னை நம்புகிறார்கள் என்று அவருக்கு இதுவரை தெரியாது. தெரிய வேண்டிய நேரமும் இது இல்லை. இரண்டாவது தக்பீர் அதே நீளத்தில், கொஞ்சமும் பதறாமல் தலைக்கு மேலே போனது. முன் வரிசைகள் நின்றுகொண்டிருந்தன. தையல்காரர் நிமிர்ந்தார். அவரைப் பார்த்துச் சிலர் நிமிர்ந்தார்கள். அவர் நிமிர்ந்ததைப் பார்க்காத சிலர் குனிந்தே இருந்தார்கள். மூன்றாவது தக்பீரில் பின் பாதித் திடல் பாதி உயரமும் பாதி தாழ்வுமாக இருந்தது. நாலாவதில் எல்லாரும் குனிந்தார்கள். சிலருக்கு அது இரண்டாவது குனிவு.

*

தொழுகைக்குப் பிந்திய இமாமின் உரையில் ஒரு வார்த்தைகூடத் தையல்காரர் காதில் ஏறவில்லை. உரை முடிந்து, ஒருவரை ஒருவர் தழுவிக்கொள்ள எழுந்தார்கள். தழுவலுக்கு நடுவே விசாரணையும் நடந்தது.

"ஈத் முபாரக். யாருப்பா முதல்ல குனிஞ்சது?"

"ஈத் முபாரக். இந்தா நிக்கிறாரே, டேப்பு. டேப்பு குனிஞ்சா சரியாத்தான் இருக்கும்னு நானும் குனிஞ்சேன்," என்றார் சைக்கிள் கடைக்காரர், தையல்காரரைத் தழுவியபடியே. "என்னப்பா, வருஷா வருஷம் எங்களுக்குச் சொல்லுவே. நீயே கவுத்துட்டியே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். செயலாளர் வந்தார், விசிறியைப் பார்த்த அதே முகத்தோடு. இமாம் தூரத்திலிருந்தே, "தெரியாமக் குனிஞ்சதுக்கு ஒண்ணுமில்லை, தொழுகை கூடும், செல்லும்," என்று கையசைத்துவிட்டுப் போனார். தையல்காரருக்கு 'தெரியாம' என்ற அந்த முதல் வார்த்தை இறுக்கித் தைத்த காலர் மாதிரிப் பிடித்தது.

அப்போது ஏலக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். பிடித்தவர் விடாமலேயே, எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னார்:

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. தப்பு என்னோடது. எல்லாத்தையும் ஒரே மாதிரி இழுத்துட்டேன். மார்க்கெட் வாய், என்ன பண்றது? பின்னாடி நின்னவங்களுக்கு எது எதுன்னு எப்படிப் புரியும்?"

கூட்டம் அதையும் ஏற்றுக்கொண்டது. "எவ்வளவு பெரிய மனசு பாரு," என்றார் ஒருவர். தையல்காரருக்கு உடம்பு எரிந்தது. குரல் போனது, இடம் போனது, இப்போது பெரிய மனசும் அந்தப் பக்கமே போய்விட்டது. மன்னிப்புக் கேட்கும்போதுகூட அவன் குரல் எவ்வளவு நன்றாக இருக்கிறது!

திடலுக்குப் போன வழியில் திரும்பக்கூடாது, வேறு வழியில் திரும்ப வேண்டும். அதுவும் பெருநாள் வழக்கம்தான். பெண்கள் முன்னால் பேசிக்கொண்டு போக, ஆண்கள் இருவரும் மார்க்கெட்டின் பின் சந்து வழியாக நடந்தார்கள். கடைகள் எல்லாம் சாத்தியிருந்தன.

"மச்சான்," என்றார் ஏலக்காரர். "கூட்டத்துல அப்படிச் சொன்னேன். ஆனா ஒண்ணு புரியலை. உங்களுக்கு மூணு கணக்குத் தெரியாதா? நீங்க எப்படிக் குனிஞ்சீங்க?"

"நீட்டினீங்க. குனிஞ்சுட்டேன்."

"நீட்டினா?"

"நான் நிக்கிறதுக்குக் கட்டையாச் சொல்வேன். குனியறதுக்கு நீட்டிச் சொல்வேன். பின்னாடி இருக்கிறவங்களுக்கு வித்தியாசம் தெரியட்டும்னு. அவங்க யாரும் கவனிச்சதே இல்லை போலிருக்கு. என் முதுகுதான் கவனிச்சிருக்கு."

ஏலக்காரர் நடையைக் குறைத்தார். "நல்ல வழியாச்சே. கடையில கேட்டப்போ நீங்க சொல்லலையே. மறந்துட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். பெருநாள் அவசரம், கடை நிறையத் துணி, யார் வேண்டுமானாலும் மறப்பார்கள். அந்தப் பதிலை மச்சானே கையில் எடுத்துக் கொடுத்திருந்தார். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அதையும் அவரிடமிருந்தே வாங்கிக்கொள்வதா என்று இருந்தது தையல்காரருக்கு.

"மறக்கலை."

ஏலக்காரர் நின்றார். முகத்தில் இருந்த சிரிப்பு ஒரு பக்கமாகப் போய் ஒதுங்கியது. சாத்தியிருந்த ஒரு கடையின் பூட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தையல்காரர், இனி இவன் தங்கையிடம் சொல்வான், தங்கை மனைவியிடம் சொல்வாள் என்று வரிசையாக எண்ணிக்கொண்டு நின்றார்.

"எனக்கு முன்னாடி இந்த மார்க்கெட்டுல ஏலம் விட்டவர் இருக்காரே," என்றார் ஏலக்காரர் கடைசியில், "நான் வந்த புதுசுல, எந்த வியாபாரி கண்ணைச் சிமிட்டினா கேக்குறான், எவன் மூக்கைச் சொறிஞ்சா கேக்குறான்னு ஒரு மாசம் சொல்லவே இல்லை. ஒரு தடவை சும்மா மூக்கைச் சொறிஞ்சவன் தலையில பத்து மூட்டை வெங்காயத்தைக் கட்டிட்டேன். அடிக்க வந்துட்டான். நீங்க ஒரு பெருநாளோட விட்டீங்க, மச்சான். வலிக்குதுதான். ஆனா வெங்காய அளவுக்கு இல்லை."

தையல்காரருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தார். சிரிப்போடு சேர்ந்து வேறு ஏதோவும் வந்தது, அதை ஜிப்பா நுனியில் துடைத்துக்கொண்டார்.

"ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நீங்களே சொல்லுங்க," என்றார் ஏலக்காரர். "செயலாளர்கிட்ட நான் பேசுறேன். மனசாரத்தான் சொல்றேன்."

'சரி' என்ற வார்த்தை தையல்காரரின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இரண்டு மாசமும் கொஞ்ச நாளும்தான் இருக்கிறது. மறுபடி நடு வரிசை, மறுபடி அந்தக் குரல். காலையில் திடலுக்கு மேல் விரிந்த அந்த முதல் தக்பீர் நினைவுக்கு வந்தது. அதைக் கேட்ட ஊர் இனித் தன்னுடையதைக் கேட்டு என்ன நினைக்கும் என்பதும் கூடவே வந்தது.

"வேண்டாம். நீங்களே சொல்லுங்க. எனக்கு இமாமுக்கு நேர் பின்னால, முதல் வரிசையில ஒரு இடம் பிடிச்சுக் குடுத்தாப் போதும். அவரைக் கண்ணால பாத்துக் குனியறதுதான் எனக்கும் நல்லது, பின்னாடி நிக்கிறவங்களுக்கும் நல்லது."

"அப்போ அந்தக் கட்டையையும் நீட்டலையும் சொல்லுங்க. எப்படி?"

"இங்கேயா?"

"சந்துல யாரு இருக்கா?"

தையல்காரர் இருபக்கமும் பார்த்துவிட்டு, நிற்கிற தக்பீரை மெல்லச் சொல்லிக் காட்டினார். ஏலக்காரர் திருப்பிச் சொன்னார். சாத்தியிருந்த இரும்புக் கதவுகள் அதிர்ந்தன. முன்னால் போன பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "என்னங்க ஆச்சு?" என்று மனைவி கூப்பிட்டாள்.

"ஒண்ணுமில்லை, போங்க!" என்றார் தையல்காரர்.

கட்டையாகச் சொல்லியும் அது தன்னுடையதைவிட நன்றாகவே இருந்தது. உள்ளே தொட்டுப் பார்த்தார். பொறாமை போயிருக்கவில்லை. இருந்த இடத்திலேயே, சாப்பிட்டு முடித்தும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிற விருந்தாளி மாதிரி இருந்தது.

"இன்னும் கட்டையா வரணும்," என்றார். "கடைசியில இழுவுது. அந்த வாலை வெட்டுங்க."

ஏலக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடி ஆரம்பித்தார்.